ஊரும் பள்ளியும்

(பிரேசர் டவுன் தமிழ்க் குடும்பங்களின் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

     

கல்வியைப்பற்றிச் சில சொற்கள் பேசவேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டபோது முதலில் தயங்கினோம். நாம் பத்தாம் வகுப்புக்குமேல் படித்தோமில்லை. ரயில்வே அலுவலகத்தில் பேரேடு புரட்டும் எழுத்தர் வேலை நம்முடையது. பட்டம் பெற்ற பெரியோர் பலர் அமர்ந்திருக்கும் அவையில் நாம் கல்வியைப்பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதைப் போன்றது. ஆயினும் இசைந்தோம். அதற்குக் காரணம் உண்டு. கல்வியைப்பற்றிய அறிவு நமக்குக் குறைவு. ஆனால் ஒரு பள்ளிக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது. அந்தக் கடனை இன்னும் தீர்த்தோமில்லை. அதை இந்த அவையில் ஒப்புக்கொள்ளவே வந்து நிற்கிறோம்.

நம் மாமன் மகன் ஒருவர் அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில், பெருநகரை ஒட்டிய குடியிருப்பு ஒன்றில் பன்னிரண்டு ஆண்டுகளாக வாழ்கிறார். சென்ற ஆண்டு விடுமுறையில் வந்திருந்தபோது, ஒரு மாலை கோல்ஸ் பூங்காவில் நடந்தவாறே அவர் சொன்ன செய்தியே இவ்வுரைக்கு வித்து.

“அத்தான், எங்கள் ஊரில் இலையுதிர் காலத்து வெள்ளிக்கிழமை மாலையை நீங்கள் காணவேண்டும். ஊர் முழுவதும் உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் கூடிவிடும். பள்ளி மாணவர்கள் பந்தாடுவார்கள். காலால் மட்டுமன்றிக் கையாலும் பந்தை எடுத்துக்கொண்டு ஓடுகிற அந்த நாட்டுப் பந்தாட்டம். மாணவர்களின் வாத்தியக் குழு அணிவகுத்து முழங்கும். முதல் ஆண்டு நான் போனபோது, போர்வை போர்த்துக்கொண்டு பக்கத்தில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவரிடம், ‘உங்கள் பேரன் ஆடுகிறானா?’ என்று கேட்டேன். ‘எங்களுக்குப் பிள்ளைகளே இல்லை, ஆனால் இது எங்கள் பள்ளி அல்லவா?’ என்றார்” என்று அவர் சொன்னார்.

அன்பர்களே! அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. பிள்ளை இல்லாத அந்த முதியவருக்குப் பள்ளி இருக்கிறது. நமக்குப் பிள்ளை இருக்கிறது. நம்முடையது என்று சொல்ல ஒரு பள்ளி இருக்கிறதா?

நம் நகரில் ‘பப்ளிக் ஸ்கூல்’ என்று பலகை மாட்டியிருந்தால், பெருங்கட்டணம் வாங்கும் தனியார் பள்ளி என்பதை அறிவோம். இங்கிலாந்திலும் அச்சொல்லுக்குச் செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் பள்ளி என்பதே பொருள். அமெரிக்காவில் அப்படியன்று. பொதுப்பள்ளி என்றால் அங்கு உண்மையாகவே பொதுவான பள்ளி. அந்த ஊரில் குடியிருக்கும் எவர் பிள்ளையும் கட்டணமின்றிப் படிக்கலாம். ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உயர்நிலைப் பள்ளி. மஞ்சள் நிறப் பேருந்து தெருவுக்கு வந்து பிள்ளைகளை அழைத்துச் செல்லும்.

இதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது? மாநில அரசும் நடுவண் அரசும் ஒரு பங்கு தருகின்றன. மற்றொரு பெரும் பங்கு அந்த ஊர் மக்கள் தம் வீட்டுக்கும் நிலத்துக்கும் செலுத்தும் சொத்து வரியிலிருந்து வருகிறது. பிள்ளை உள்ளவரும் செலுத்துகிறார், இல்லாதவரும் செலுத்துகிறார். ஆகவேதான் அந்த முதியவர் ‘எங்கள் பள்ளி’ என்றார். அது வெறும் அன்பு மொழி மட்டுமன்று. கணக்குப்படியும் அது அவர் பள்ளியே. பள்ளிகளை நடத்தும் வாரியத்தின் உறுப்பினர்களைப் பெரும்பாலான ஊர்களில் மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். பல இடங்களில் அவ்வுறுப்பினர்களுக்கு ஊதியமும் இல்லை. ஆண்டு வரவு செலவுத் திட்டத்தைப் பொதுக் கூட்டத்தில் படிக்கிறார்கள். கடைக்காரர் எழுந்து கேள்வி கேட்கலாம். ஓய்வு பெற்றவர் எழுந்து கேள்வி கேட்கலாம்.

இந்த ஏற்பாடு ஒரே நாளில் வந்ததன்று. அந்நாட்டின் முதல் பொது உயர்நிலைப் பள்ளி 1821-ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் தோன்றியது. தொடக்கப் பள்ளிக்கு வரி கொடுக்கலாம், உயர்நிலைப் பள்ளிக்கு எதற்கு என்று வாதிட்டவர்களும் உண்டு. மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ என்ற ஊரில் சிலர் அவ்வாறே வழக்குத் தொடுத்தனர். உயர்நிலைப் பள்ளிக்காக வரி விதிக்க ஊராருக்கு உரிமை உண்டு என்று 1874-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பின்னரே பொது உயர்நிலைப் பள்ளிகள் நாடெங்கும் பெருகின. 1897-இல் தாய்மார்கள் வாஷிங்டனில் கூடித் தேசிய அமைப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். அதுவே பின்னர் பெற்றோர் ஆசிரியர் சங்கமாக வளர்ந்தது. தாய்மார்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறோம்.

அயல்நாட்டைப் புகழ்ந்து நம் நாட்டை இகழ்வதற்காக நாம் இங்கு வரவில்லை. அங்கும் குறை உண்டு, பெருங்குறையே உண்டு. வெள்ளையர் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, கறுப்பர் பிள்ளைகளுக்கு வேறொரு பள்ளி என்று பல மாநிலங்களில் சட்டமே பிரித்து வைத்திருந்தது. 1954-இல்தான் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அப்பிரிவினை செல்லாது என்றது. சொத்து வரியால் பள்ளி நடப்பதால், மாளிகைகள் நிறைந்த ஊரில் பள்ளியும் மாளிகையாக இருக்கிறது. ஏழைகள் வாழும் ஊரில் பள்ளியும் ஏழையாக இருக்கிறது. டெக்சாஸ் மாநிலத்து ஏழைப் பெற்றோர் சிலர் இது நீதியா என்று வழக்காடினர். கூட்டாட்சி அரசியல் சட்டம் இதற்குத் தடையில்லை என்று 1973-இல் அதே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஆகவே அங்குள்ள அனைத்தும் பொன்னல்ல. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: தன் பிள்ளை படித்தாலும் படிக்காவிட்டாலும், ஊரில் உள்ள பள்ளி தன் பள்ளி என்று எண்ணும் அந்த மனம்.

அந்த மனம் நமக்குப் புதிதா? அல்ல, அன்பர்களே, அல்ல!

நாம் வாழும் இந்தக் கண்டோன்மென்டு 1809-இல் ஏற்பட்டது. படையோடு வந்தவர்களும், படைக்குப் பொருள் விற்க வந்தவர்களும், கட்டட வேலைக்கு வந்தவர்களுமாகத் தமிழ் மக்கள் இங்குக் குடியேறினர். 1864-இல் சென்னைப் பக்கத்திலிருந்து வந்த ரயில் பாதை கண்டோன்மென்டு நிலையத்தைத் தொட்டது. மேலும் பலர் வந்தனர். அவர்களுள் ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் ஒருவர். 1827-இல் பிறந்தவர், கட்டட ஒப்பந்தத்தில் பொருள் ஈட்டியவர். இன்று உயர் நீதிமன்றம் இயங்கும் செந்நிற அட்டாரா கச்சேரி, 1868-இல் அவர் கட்டி முடித்ததே. பதினெட்டு அரசுத் துறைகளுக்காக எழுந்த கட்டடமாதலின் உருது மொழியில் அப்பெயர் பெற்றது. அதைக் கட்டியவர் ஈட்டிய பொருளைப் பெட்டியில் பூட்டவில்லை. 1873-இல் ஏழைப் பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கினார். அவர் பெயர் தாங்கிய கல்வி அறநிலையங்கள் அல்சூர் ஏரிப்பக்கம் இன்றும் நடைபெறுகின்றன. அரசு தரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. தம் பிள்ளைக்கு மட்டும் வாத்தியார் வைத்து நிறுத்திக்கொள்ளவும் இல்லை.

நமது பிரேசர் டவுனும் ஒரு காலத்தில் புறநகரே. 1898-இல் பிளேக்கு நோய் இந்நகரை உலுக்கியது. நெருக்கடியான தெருக்களில் வாழ்ந்த மக்களுக்குக் காற்றோட்டமான வீதிகளும், எலி நுழையாத வீடுகளும் வேண்டும் என்று வகுத்த குடியிருப்பு இது. மைசூரில் ரெசிடென்டாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரைப் பெற்றது. அரசு ஏட்டில் இப்போது புலிகேசி நகர் என்று எழுதுகிறார்கள்; நம் வாயில் இன்னும் பிரேசர் டவுன்தான். நோய்க்கு அஞ்சி வந்தவர்கள் இங்குக் கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் எழுப்பினார்கள். அவற்றோடு பள்ளிக்கூடங்களையும் எழுப்பினார்கள்.

தாய்த் தமிழகத்தில் காமராசர் முதலமைச்சராக இருந்த நாட்களை மூத்தோர் அறிவார்கள். 1956-இல் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியபோது, ஊர் மக்கள் கொடுத்த அரிசியும் காயும் அதற்குத் துணை நின்றன. 1958-இல் கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சியால் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் தொடங்கின. மேடையில் ஊரார் வரிசையாக ஏறினார்கள். ஒருவர் நிலம் கொடுத்தார்; ஒருவர் பெஞ்சு கொடுத்தார்; ஒருவர் கடிகாரம் கொடுத்தார். அமெரிக்காவில் வரியாக வருவது நம் ஊர்களில் மனமுவந்த கொடையாக வந்தது. வழி வேறு, எண்ணம் ஒன்றே.

இனி நமது கதைக்கு வருகிறோம். நாம் படித்த பள்ளி இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. அதன் பெயர் இங்கு வேண்டாம். உங்களுள் பலர் அறிவீர்கள். ஓட்டுக் கட்டடம், முன்னால் ஒரு வேப்ப மரம், பின்னால் புல் முளைக்காத மைதானம். தமிழ்ப் பிரிவு, உருதுப் பிரிவு, கன்னடப் பிரிவு என மூன்றும் ஒரே கூரையின்கீழ் நடந்தன. வகுப்பில் பிரிந்திருப்போம், மைதானத்தில் ஒன்றாவோம். தேவாலய மணி ஒலித்தால் காலை வகுப்பு. பள்ளிவாசலில் பாங்கு கேட்டால் உணவு வேளை. நோன்பு மாதத்தில் உருதுப் பிரிவு நண்பர்கள் வாயில் நீர்த்துளி படாமல் பந்தாடுவார்கள். அவர்கள் கண் முன்னே தண்ணீர் குடிக்கக் கூசி, நாம் வேப்ப மரத்துக்கு அப்பால் சென்று குடிப்போம். அதை எவரும் நமக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

அந்தப் பள்ளிக்கும் ஊர் இருந்தது. விளையாட்டு விழா நாளில் தெருவே வந்து நிற்கும். கோடை விடுமுறையில் தச்சர் ஒருவர் உடைந்த பெஞ்சுகளைக் கூலி வாங்காமல் செப்பனிடுவார். அவருக்கு மணமாகவில்லை, பிள்ளையும் இல்லை. ஆகஸ்டு 15 அன்று ரொட்டிக் கடைக்காரர் கூடை நிறையப் பன் அனுப்புவார். அவர் பிள்ளைகள் வேறு பள்ளியில் படித்தார்கள். கலைமகள் விழாவுக்கு மாலை தொடுத்துத் தரும் பூக்கார அம்மையாருக்கு எழுதப் படிக்கவே தெரியாது. கால்பந்துப் போட்டி என்றால் கேட்கவே வேண்டாம். 1948-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலை அடித்த சாரங்கபாணி ராமன் நம் பெங்களூர்க்காரர் என்பதை, எங்கள் விளையாட்டாசிரியர் ஒவ்வோர் ஆண்டும் சொல்லுவார். அன்று வெறுங்காலோடு ஆடிய ஆட்டக்காரர்கள் பலர் இருந்தார்கள் என்று அவர் சொல்ல, செருப்பில்லாத நம் கால்களை நாம் பெருமையோடு பார்த்துக்கொள்வோம். நியூ ஜெர்சி வெள்ளிக்கிழமைக்கு இது எவ்வகையில் குறைந்தது?

நாம் பத்தாம் வகுப்பில் இருந்தபோது, தேர்வுக்கு இரண்டு மாதம் முன்னர் நமது தந்தையார் காலமானார். ரயில்வேயில் கலாசியாக இருந்தவர். வீட்டில் மூன்று பிள்ளைகள், நாம் மூத்தவர். படிப்பை நிறுத்திவிட்டு ஒரு மரக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டோம். நான்காம் நாள் நமது தமிழாசிரியர் அந்தக் கடைக்கே வந்தார். கடை முதலாளியிடம், “இரண்டு மாதத்துக்கு இவனை எனக்குக் கடன் கொடுங்கள், பிறகு நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்” என்றார். தேர்வுக் கட்டணத்தை யார் கட்டினார்கள் என்பது அப்போது நமக்குத் தெரியாது. தச்சர், ரொட்டிக் கடைக்காரர், தையற்காரர், உருது ஆசிரியர் ஆகிய நால்வரிடம் தமிழாசிரியர் கேட்டு வாங்கினார் என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தோம். தேர்வில் தேறினோம். மொத்தம் 625 மதிப்பெண்ணில் முதல் மொழிக்கு 125 மதிப்பெண் இருந்த காலம் அது; தமிழே நம்மைக் கரையேற்றியது. அந்தச் சான்றிதழைக் காட்டித்தான், தந்தையார் பணியிடையே இறந்தமைக்காகக் கருணை அடிப்படையில் ரயில்வேயில் வேலை பெற்றோம். கலாசியாகச் சேர்ந்து, துறைத் தேர்வு எழுதி எழுத்தரானோம். இன்று நம் குடும்பம் உண்ணும் சோறு அந்த நால்வர் போட்டது.

அன்பர்களே! இனிச் சொல்லப்போவது நமக்குப் பெருமை தருவதன்று.

நம் மகள் முதல் வகுப்பில் சேரும் வயது வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அதே தமிழாசிரியர், ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர், நம் வீட்டுப் படியேறி வந்தார். காப்பி அருந்தினார். “தமிழ்ப் பிரிவில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். ஏழெட்டுப் பேராவது சேர்ந்தால் பிரிவு நிற்கும். ஐந்து பேர் கிடைத்திருக்கிறார்கள். உன் மகளை அனுப்புகிறாயா?” என்றார். “வீட்டில் கலந்து சொல்கிறோம், ஐயா” என்றோம். நாம் கலந்து பேச ஒன்றுமில்லை. தொலைவிலுள்ள ஆங்கிலப் பள்ளி ஒன்றில் முன்பணம் அதற்கு முந்தைய வாரமே கட்டியாகிவிட்டது. அந்த உண்மையை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவில்லை. அதற்குப்பின் ஒருநாள் மாஸ்க் சாலையில் அவர் எதிரே வருவதைக் கண்டு, சாலையைக் கடந்து மறுபக்கம் போனோம். அவர் பார்த்திருப்பார். அடுத்த ஆண்டு தமிழ்ப் பிரிவில் முதல் வகுப்பு நடக்கவில்லை. மேல் வகுப்புகளும் ஒவ்வொன்றாகக் காலியாயின.

குற்றம் யாருடையது? அரசு மூடிவிட்டது என்று சொல்வது எளிது. இந்த மாநிலத்தில் மொழிப் பிரச்சினை எழுந்ததை நாம் மறக்கவில்லை. 1980-இல் கோகாக் குழு அமைந்தது. 1982-இல் அதன் பரிந்துரையை நிறைவேற்றக் கோரிப் பெருங்கிளர்ச்சி எழுந்தது. ஆணைகளும் வழக்குகளும் தொடர்ந்தன. 1994-இல் தொடக்க வகுப்புகளில் தாய்மொழியோ கன்னடமோதான் பயிற்று மொழியாக இருக்கவேண்டும் என்று அரசு கொள்கை வகுத்தது. பயிற்று மொழியை அரசு திணிக்க முடியாது, தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றோருக்கே என்று 2014-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. மொழிச் சிறுபான்மையினரின் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க ஏற்பாடு வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350-அ பிரிவு 1956 முதலே சொல்லி வருகிறது. சட்டம் நமக்குத் தேர்வுரிமை கொடுத்தது. நாம் தேர்ந்தெடுத்தோம். எதைத் தேர்ந்தெடுத்தோம் என்பதை அந்த வெற்று வகுப்பறை சொல்கிறது. பிள்ளை இல்லாத வகுப்பை எந்தப் பிரிவும் காப்பாற்றாது.

ஆங்கிலம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சோற்றுக்கு வழி எங்கே இருக்கிறதோ அங்கேதான் பெற்றோர் மனம் போகும். பிள்ளையை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பியவர்களை இந்த மேடையிலிருந்து பழித்தால், முதற்பழி நமக்கே சேரும். நம் மகள் காலை ஆறே முக்கால் மணிக்கு வேனில் ஏறுகிறாள். மாலை நாலரைக்கு இறங்குகிறாள். நன்றாகப் படிக்கிறாள், மறுக்கவில்லை. ஆனால் நம் தெருவில் அவளுக்கு ஒரு தோழி இல்லை. அவளோடு படிப்பவர்கள் இருபது திசையில் இருக்கிறார்கள். அப்பள்ளிக்கும் அது நிற்கும் தெருவுக்கும் கூடத் தொடர்பில்லை. வாயிற்காவலர் வைத்த கதவுதான் தொடர்பு. நாம் பிள்ளையை மட்டும் வேனில் ஏற்றவில்லை. ஊரிலிருந்து அவளைப் பிரித்தும் ஏற்றிவிட்டோம்.

ஒருநாள் அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு நம் பழைய பள்ளியைக் கடந்தோம். “அப்பா, இது நீங்கள் ஓட்டுப் போடும் இடம் அல்லவா?” என்றாள். ஆம்; தேர்தல் நாளில் மட்டும் அவள் அந்தக் கட்டடத்தைக் கண்டிருக்கிறாள். அவள் தந்தையை மனிதனாக்கிய பள்ளி, அவளுக்கு வாக்குச் சாவடி!

நம் மாமன் மகன் சொன்ன இன்னொரு செய்தியையும் கேளுங்கள். அமெரிக்காவில் வாழும் தமிழர் பலர் சனி, ஞாயிறுகளில் தமிழ் வகுப்பு நடத்துகிறார்கள். எங்கே? பெரும்பாலும் அந்த ஊர்ப் பொதுப்பள்ளியின் வகுப்பறைகளையே வாடகைக்கு எடுத்து. கலிபோர்னியாவில் 1998-இல் அவ்வாறு தொடங்கிய ஒரு தமிழ்ப் பள்ளி இன்று பெரிய கல்விக் கழகமாக வளர்ந்திருக்கிறது. சில பள்ளி மாவட்டங்களில் தமிழ் படித்தால் உயர்நிலைப் பள்ளிக் கணக்கில் அதுவும் சேர்கிறது. கணிப்பொறி வல்லுநர்களும் இல்லத்தரசிகளும் ஊதியமின்றி ஆசிரியராக நிற்கிறார்கள். கடல் கடந்து போனவர்கள் முப்பது கல் வண்டியோட்டிப் பிள்ளையைத் தமிழ் வகுப்பில் விடுகிறார்கள். இரவு வண்டியில் ஏறினால் விடியுமுன் தமிழகம் சேரும் தொலைவிலுள்ள நாம், தெருமுனையில் இருந்த தமிழ் வகுப்புக்கு நூறு அடி நடக்கவில்லை.

இனிச் செய்ய வேண்டுவது யாது? பெருந்திட்டம் எதுவும் நம்மிடம் இல்லை. எழுத்தர் வேலை பார்ப்பவர் நாம்; சிறு குறிப்புகளே எழுதத் தெரியும். நான்கு குறிப்புகளை உங்கள்முன் வைக்கிறோம்.

முதலாவது: நம் பிள்ளை படித்தாலும் படிக்காவிட்டாலும், பகுதியிலுள்ள அரசுப் பள்ளிக்கு ஆண்டில் இருமுறையேனும் செல்வோம். இம்மாநிலத்தில் 2001 முதல் பள்ளி வளர்ச்சி, கண்காணிப்புக் குழுக்கள் இருக்கின்றன. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும், பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோரே இருக்கவேண்டும், உறுப்பினரில் பாதிப் பேர் பெண்களாக இருக்கவேண்டும் என்கிறது. அமெரிக்க ஊராரிடம் இருக்கும் நாற்காலி நம்மிடமும் இருக்கிறது. அதில் அமர ஆள் வேண்டும். அப்பள்ளியில் பிள்ளைகளை விட்டிருக்கும் தாய்மார்களுள் பலர் வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் போகிறவர்கள். கூட்டத்தில் பேசத் தயங்குகிறவர்கள். அவர்களுக்கு மனு எழுதித் தரவும், உடன் செல்லவும் நம்மால் முடியும்.

இரண்டாவது: சனிக்கிழமை இரண்டு மணி நேரம். நம் சங்கத்தில் பட்டதாரிகள் இருக்கிறார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். தமிழ் எழுத்தும், கணக்கும், ஆங்கில வாசிப்பும் சொல்லிக்கொடுக்கலாம். ஆங்கிலப் பள்ளிக்குப் போகும் நம் பிள்ளைகளும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் ஒரே பாயில் அமரட்டும்.

மூன்றாவது: கன்னடம். 2015-ஆம் ஆண்டின் சட்டப்படி இங்குள்ள பள்ளிகளில் கன்னடத்தை முதல் மொழியாகவோ இரண்டாம் மொழியாகவோ கற்பிக்கவேண்டும். சட்டத்துக்காக மட்டும் கற்கவேண்டாம். நமக்கு நீரும் நிழலும் தந்த மண்ணின் மொழி அது. அல்சூர் ஏரிக்கரையில் பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதே மாதம் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. சிலைகள் செய்துகொண்ட நட்பைப் பிள்ளைகள் வகுப்பறையில் செய்துகொள்ளட்டும். தமிழை விரும்புகிறவர் பிறர் மொழியை மதிக்கத் தவறலாகாது.

நான்காவது: சங்கத்தின் பெயரால் ஒரு கால்பந்துக் கோப்பை. தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டுமன்று. இப்பகுதிப் பள்ளிகள் அனைத்துக்கும். அந்த நாளில் மண்டபத்தில் நாற்காலி போடாமல், பள்ளி மைதானத்தில் பெஞ்சு போடுவோம். பன் கூடை கொண்டுவரும் பொறுப்பை நாம் ஏற்கிறோம்.

முடிக்குமுன் ஒரு சொல். சென்ற ஜூன் மாதம், துணிவை வரவழைத்துக்கொண்டு தமிழாசிரியர் வீட்டைத் தேடிப் போனோம். ஓய்வு பெற்று, கண் மங்கி, வாசற்புறத்துக் கட்டிலில் அமர்ந்திருந்தார். நம் பெயரைச் சொல்லி, “தாமதமாக வந்திருக்கிறோம், ஐயா” என்றோம். சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பின்னர், அந்நாளில் வகுப்புக்குப் பிந்தி வரும் மாணவனிடம் சொல்வாரே, அதே குரலில், “தாமதந்தான். உள்ளே வா” என்றார்.

அந்தத் தமிழ்ப் பிரிவு திரும்பவில்லை; திரும்பிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டோம். ஆனால் தலைமை ஆசிரியையின் இசைவோடு, ஆகஸ்டு மாதம் முதல் சனிக்கிழமைதோறும் வேப்ப மரத்தடியில் ஒன்பது பிள்ளைகள் அமர்கிறார்கள். அவர்களுள் இருவர் உருது பேசும் வீட்டுப் பிள்ளைகள். விளையாட்டுத் தோழர்களோடு வந்து ஒட்டிக்கொண்டவர்கள். ஒருத்தி நம் மகள். ஐயா மாதம் ஒருமுறை வந்து நாற்காலியில் அமர்ந்து கேட்கிறார். பாய் இன்னும் இரண்டு வேண்டும். கரும்பலகைக்கு வண்ணம் பூசவேண்டும். ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஒருவர் வேண்டும். இந்த அவையில் அவர் இருக்கிறார் என்று நம்புகிறோம்.

வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, தேர்தல் இல்லாத நாளில், அந்தப் பள்ளியின் வாயிலில் நாம் நிற்போம். உங்களை எதிர்பார்ப்போம்.